தென்னை என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை

போன மாதக் கடைசியில் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்குத் திரையில் 0.61 என்று ஒரு எண் வந்தது. அப்பா சேர்த்துவைத்த விவசாயக் கட்டிங்குகளில் தேட நான் எழுதிய நிரல் எவ்வளவு நன்றாகத் தேடுகிறது என்பதற்கு, ஒன்றுக்கு இத்தனை என்று வந்த மதிப்பெண். அந்த எண்ணுக்காக ஒரு வருஷம் நாலு மாதம் போயிருக்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அப்பா, "என்ன கண்ணு, பாஸ் ஆயிருச்சா?" என்றார். இதில் அவரும் ஒரு நடுவர், அதனால் கேட்கிற உரிமை உண்டு. ஆயிடுச்சுங்கப்பா என்றேன். அது பாதி உண்மைதான், மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆனைமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல் வயலும் இருக்கிறது. அப்பா 1987 முதல் 2011 வரை பத்திரிகைகளில் வந்த விவசாயப் பக்கங்களை வெட்டி, தேதி எழுதி, ஒன்பது பெட்டிக் கோப்புகளில் வைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் யாராவது "சுப்பையாண்ணன் தோப்புல குருத்து அழுகுதாமா, உங்ககிட்ட ஏதோ கட்டிங் இருந்துச்சே" என்று வந்தால், பெட்டியைப் பிரித்துத் தேடுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதை போனில் தேடுகிற மாதிரி செய்து தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவள். இரண்டு வாரத்து வேலை என்று நினைத்தேன்.

ஸ்கேன் செய்த கதையை நீட்டவில்லை. பழைய பிளாட்பெட் ஸ்கேனர் 2,800 ரூபாய். போனில் படம் எடுத்துப் பார்த்தேன், மடிப்பு விழுந்த காகிதத்தில் நிழல் விழுந்து எழுத்து போய்விட்டது. 300 டிபிஐயில் 1,386 கட்டிங், பதினோரு வார இறுதிகள். எழுத்துணரிக்கு, அதாவது படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் நிரலுக்கு, டெசரக்ட்டின் தமிழ் மாதிரி. அச்சு தெளிவாக இருந்த இடத்தில் நன்றாகவே படித்தது. "புழு" மட்டும் அடிக்கடி "புமு" ஆனது. விவசாயக் கட்டிங்கில் புழு எத்தனை முறை வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துணரி சரியாகப் படித்தும் கெட்டுப்போன விஷயம் வேறு. தமிழ்ப் பத்திரிகையில் பத்தி முடிகிற இடத்தில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைப்பார்கள், இணைகோடு போட மாட்டார்கள். நாம் படிக்கும்போது கண் தானாகச் சேர்த்துக்கொள்ளும். கணினிக்கு ஒரு வரியில் "தென்", அடுத்த வரியில் "னைக்கு" என்று இரண்டு சொல். ஒல்லியான பத்தியில் மூன்று வரிக்கு ஒரு சொல் இப்படி. எல்லா வரிகளையும் ஒட்டிப் பார்த்தேன். முழுச் சொற்களும் ஒட்டிக்கொண்டு "மரத்துக்குஉரம்" ஆகின. கடைசியில், வரி நடுவில் வந்த சொற்களை மட்டும் எடுத்து ஒரு பட்டியல் செய்து, வரிக்கடைசித் துண்டையும் அடுத்த துண்டையும் ஒட்டினால் வருவது அந்தப் பட்டியலில் இருந்தால் மட்டும் ஒட்டு என்று வைத்தேன். நூற்றுக்கு எண்பது சரியாயிற்று. மீதி இருபதை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்தது தேடல். பைத்தான் நிரல்மொழியில் சைகிட்-லேர்ன் என்ற ஆயத்தத் தொகுப்பை வைத்து, எந்தச் சொல் எவ்வளவு முக்கியம் என்ற சொல்லெடையைக் கணக்கிட்டு அரை மணி நேரத்தில் ஒரு தேடுபெட்டி எழுதிவிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தென்னை என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. நெல் என்று அடித்தேன். இல்லை. வாழை, அதுவும் இல்லை. தண்ணீர் என்று அடித்ததும் வந்தது, முதலிடத்தில் நெல் தண்டுத் துளைப்பான். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

இரண்டு நாள் எழுத்துணரியைத் திட்டினேன். அது குற்றமற்றது. பைத்தானின் வழக்கமான தேடுகோவை, அதாவது சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிக்கும் சூத்திரம், எது எழுத்து என்று கேட்டால் க, த, ண மாதிரி தனி எழுத்துகளை மட்டும்தான் எழுத்து என்கிறது. கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் அதற்கு எழுத்தில்லை. அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். சைகிட்-லேர்ன் அதற்கு மேல், ஓரெழுத்துத் துண்டுகளைக் குப்பை என்று எறிந்துவிடும். ஆக "தென்னை" த, ன, ன என்று மூன்று ஒற்றைத் துண்டாகி முழுசாகக் காணாமல் போனது. நெல், வாழை இரண்டுக்கும் அதே கதி. "தண்ணீர்" வெட்டுப்பட்டு மிஞ்சியது "தண", "தண்டு" வெட்டுப்பட்டு மிஞ்சியதும் "தண". கரும்பும் கரையானும் "கர" என்று ஒரே சொல்லாகியிருந்தன. தமிழில் தேடல் செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது. தீர்வு ஒரு வரிதான்: கணினி எழுத்துகளுக்கான பொதுப் பட்டியலான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் எது வந்தாலும் அது சொல்லின் உள்ளே என்று நாமே கோவை எழுதிக்கொடுப்பது.

கூடவே இன்னொன்றையும் சரிசெய்யப் போய் மாட்டிக்கொண்டேன். "சௌசௌ" என்பதை ஔகாரக் குறி போட்டும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் ள-வும் போட்டு "செளசெள" என்றும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. "கொ" மாதிரி எழுத்துகளை யூனிகோடு இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் விதி, சரிசெய்துவிடும், இதைச் செய்யாது. சரி என்று ஒற்றைக்கொம்பும் ள-வும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரமாக மாற்று என்று எழுதினேன். வெள்ளரி, வெள்ளை ஈ, தெளிப்பான் எல்லாம் உருத்தெரியாமல் போயின. ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்று சேர்த்த பிறகுதான் அடங்கியது.

இதற்குப் பிறகு எடைக் கணக்கை பிஎம்25க்கு மாற்றினேன். லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ராபர்ட்சன் குழு 1994இல் டிரெக் என்ற தேடல் முறைகளுக்கான போட்டிக்குக் கொண்டுபோன சூத்திரம். முப்பது வருஷமாகியும் புதிதாக எது வந்தாலும் முதலில் இதை வென்று காட்டு என்கிறார்கள். 1.2, 0.75 என்று லூசீன் என்ற தேடல் மென்பொருள் வைத்திருக்கும் அதே இரண்டு அளவுகள். தென்னை வந்தது, நெல் வந்தது. அப்பாவும் தலையாட்டினார்.

ஒரு மாதம் அதை அங்கே இங்கே மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் தம்பி வந்தவன், "தஞ்சாவூர் வாடல்" என்று தேடிவிட்டு, "நேத்து இது ரெண்டாவதா வந்துச்சுக்கா, இன்னைக்கு எட்டாவதா வருது" என்றான். நான் அன்றைக்குத்தான் வேறொன்றைச் சரி செய்திருந்தேன். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று இறங்குகிறது. மொத்தத்தில் நல்லதாகிறதா கெட்டதாகிறதா என்று சொல்ல என்னிடம் எந்த அளவுகோலும் இல்லை. அதுவரை செய்த அத்தனை மாற்றமும் கண்ணளவுதான்.

இந்தத் துறைக்காரர்களைப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்ட் வானூர்திக் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன். நூலகத்தில் எந்த அட்டவணை முறை நல்லது என்ற சண்டையை, வாதாடித் தீர்க்காமல் அளந்து பார்ப்போம் என்று 1950களின் பிற்பகுதியில் இறங்கியவர். அவருடைய இரண்டாவது சோதனையின் தொகுப்பில் 1,400 கட்டுரைகள், 225 கேள்விகள், எந்தக் கேள்விக்கு எது பொருத்தம் என்ற பட்டியல். என்னிடம் 1,386. பதினான்குதான் குறைச்சல் என்று பார்த்தபோது ஏனோ தெம்பு வந்தது. கேள்விகளை அவர் சொந்தமாக எழுதவில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களுக்கே கடிதம் போட்டு, எந்தக் கேள்வியிலிருந்து இந்த ஆய்வைத் தொடங்கினீர்கள் என்று கேட்டு வாங்கினார்.

இதைப் படித்த பிறகும் நான் என் கேள்விகளை நானே எழுதினேன். சோம்பல்தான். பெட்டியிலிருந்து கண்ணை மூடி ஒரு கட்டிங்கை எடுப்பது, அதற்கு ஒரு கேள்வி எழுதுவது. 25 எழுதினேன். எல்லாவற்றுக்கும் சரியான கட்டிங் முதலிடத்தில் வந்தது. வராமல் என்ன செய்யும்? கட்டிங்கில் இருக்கும் சொல்லைத்தானே கேள்வியில் எழுதியிருக்கிறேன்! 25ஐயும் கிழித்துப் போட்டுவிட்டு உரக்கடை வாசலுக்குப் போனேன். நாலு சனிக்கிழமை, 17 பேர், 43 கேள்விகள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டேன். "காய் சொறி புடிச்ச மாதிரி ஆயிருதுங்க." "நெல்லுல வட்ட வட்டமா எரிஞ்சாப்புல காயுது." "பன்னி தென்னம்பிள்ளைய நோண்டிருது, என்ன பண்றது?" இதில் முதல் கேள்விக்கு விடை ஈரியோபைட் சிலந்தியைப் பற்றிய கட்டிங். 1998இல் கேரளத்தில் தென்பட்டு இங்கே வந்தது. அடுத்த சில வருஷத்துக் கட்டிங்குகளில் அதுதான் பேச்சு. அந்தச் சொல்லை ஈரியோபைட், எரியோபைட், ஈரியோபைடு, எரியோபிட் என்று ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறது. கேள்வியில் அந்தச் சொல்லே இல்லை. இரண்டாவது கேள்வி புகையான். அதைச் சில கட்டிங் புகையான் என்கிறது, சில கட்டிங் பழுப்புத் தத்துப்பூச்சி என்கிறது. தம்பி தேடிய தஞ்சாவூர் வாடல் பாதிக் கட்டிங்குகளில் அடித்தண்டு அழுகல்.

43 கேள்வியையும் 1,386 கட்டிங்கோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் ஐம்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் முடிவுகள். கிரான்ஃபீல்டில் மாணவர்களை உட்கார வைத்துச் செய்தார்கள். எனக்கு அப்பாவும், எங்கள் ஊரில் ஓய்வுபெற்று இருக்கும் வேளாண் அலுவலர் ஒருவரும்தான். ஊரே அவரை சார் என்பதால் இங்கேயும் சார். இதற்கு வழி 1975இலேயே கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸும் கீத் வான் ரைஸ்பெர்கனும் ஒரு அறிக்கையில் எழுதி வைத்தார்கள்: பல தேடல் முறைகளை ஓட்டு, ஒவ்வொன்றின் மேல்மட்ட முடிவுகளை மட்டும் ஒரே குவியலாகக் கொட்டு, அந்தக் குவியலை மட்டும் மனிதர் பார்த்தால் போதும். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 1992இல் டிரெக் என்ற போட்டி மாநாட்டைத் தொடங்கியபோது இதைத்தான் கையில் எடுத்தது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 2008இல் வங்காளம், இந்தி, மராத்திக்காகத் தொடங்கிய ஃபயர் மாநாட்டுக்கும் அடிப்படை அதே. டிரெக் காரர்கள் ஒவ்வொரு முறையிலும் முதல் 100 எடுப்பார்கள். நான் முதல் 20.

குவியலுக்கு ஐந்து முறைகள் வைத்தேன். முழுச் சொல் ஒன்று. ஸ்னோபால் தமிழ் ஸ்டெம்மர், அதாவது விகுதிகளைக் கழற்றும் நிரல், இரண்டாவது. சொல்லின் முதல் நாலு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டுவது மூன்றாவது. மூன்று மூன்று எழுத்தாகச் சொல்லை நறுக்குவது நாலாவது. ஐந்தாவது நானே உட்கார்ந்து தோன்றியதையெல்லாம் தேடி எடுத்தவை. மூன்றாவதில் ஒரு நாள் போனது. நாலு எழுத்தில் வெட்டினால் "மருந்து", "மருந்தை", "மருந்தால்" மூன்றும் மூன்றாகவே நின்றன. ஏனென்றால் நாலாவது எழுத்திலேயே து, தை, தா என்று வேற்றுமை ஒட்டியிருக்கிறது. வெட்டிய பிறகு கடைசி எழுத்தின் உயிர்க்குறியையும் கழற்ற வேண்டும். அப்போது எல்லாம் "மருந்த" என்று ஒன்றாகும். "மரம்", "மரத்தை" அப்போதும் ஒன்றாகவில்லை. மகர ஈறு தகரமாவதற்குத் தனி விதி போட்டேன்.

குவியலில் மொத்தம் 1,904 ஜோடிகள் விழுந்தன. எந்த முறை எதைக் கொண்டுவந்தது என்று தெரியாதபடி கலைத்துப் போட்டு, கேள்விக்கு இரண்டு தாளாக அச்சடித்தேன். அப்பா மூலக் கட்டிங்கையே பார்ப்பேன் என்றுவிட்டார். அதற்காக 620 பிளாஸ்டிக் உறை வாங்கினேன். சார் போனில் படத்தைப் பார்த்தார். 0 பொருத்தமில்லை, 1 ஓரளவு, 2 முழுப் பொருத்தம்.

முதல் நாள் மூன்று கேள்வி. ராத்திரி இரண்டு பேர் தாளையும் ஒப்பிட்டுக் கப்பா கணக்குப் போட்டேன், அதாவது தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிஞ்சும் ஒற்றுமை. 0.34. சார் 2 போட்ட இடத்தில் அப்பா 0 போட்டிருக்கிறார். ஒரு கட்டிங் எண்டோசல்ஃபான் தெளிக்கச் சொன்னது. சாருக்கு அது கேள்விக்கு நேரான விடை. அப்பாவோ, "இந்த மருந்தைத்தான் கோர்ட்டே தடை பண்ணியாச்சே, இதைப் படிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது கண்ணு?" என்றார். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அவர் சொல்வது சரிதான். மறுநாள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். "ஏனுங் சார், கேக்கறவன் தோப்புக்கு ஒதவோணுமா வேண்டாமா?" "அண்ணா, தலைப்புக்குப் பொருந்துதான்னுதான் பாப்பா கேட்டிருக்குது." இரண்டும் என் தப்பு. டிரெக் கேள்வித்தாளில் தலைப்பு, விளக்கம், பிறகு எது பொருத்தம் எது பொருத்தமில்லை என்று ஒரு பத்தி, இந்த மூன்றும் இருக்கும். நான் மூன்றாவதை வேண்டாத அலங்காரம் என்று விட்டிருந்தேன். 43க்கும் எழுதினேன்: தடைசெய்த மருந்தை மட்டும் சொன்னால் 1, அதோடு வேறு வழியும் சொன்னால் 2. முதல் மூன்றையும் திரும்ப மதிப்பிட்டபோது 0.63 வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

ஏறாததில் கவலைப்பட வேண்டியதில்லை என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். 1998இல் மெல்போர்னில் நடந்த, தேடல் ஆய்வாளர்கள் கூடும் சிகிர் மாநாட்டில் நிஸ்டின் எலன் வூர்ஹீஸ் இதையே அளந்து காட்டியிருக்கிறார். இரண்டு நடுவரில் யாராவது ஒருவர் பொருத்தம் என்று குறித்த ஆவணங்களில், இருவரும் ஒத்துக்கொண்டவை பாதிக்கும் கீழே. ஆனால் எந்த நடுவரின் தீர்ப்பை வைத்தாலும், எந்தத் தேடல் முறை மேலே எது கீழே என்ற வரிசை அவ்வளவாக மாறவில்லை. நானும் அப்பா தாளை வைத்து ஒருமுறை, சார் தாளை வைத்து ஒருமுறை ஓட்டினேன். வெட்டும் முறையும் நறுக்கும் முறையும் இடம் மாறின, மற்றவை அசையவில்லை. இனி வருவதெல்லாம் அப்பா தாள்படி. தோப்புக்கு உதவுவது எனக்கும் முக்கியம்.

அப்பா மணிக்கு முப்பது பார்த்தார், சார் நாற்பத்தைந்து. ஏழு வாரம். ஒரு கேள்வி முழுதும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் மறுநாள் அளவு மாறிவிடுகிறது; இதையும் இரண்டு கேள்வி கெட்ட பிறகுதான் கவனித்தேன்.

மதிப்பெண் கணக்குக்குக் கிறிஸ் பக்லி எழுதிய டிரெக்-எவால் என்ற நிரல். முதல் ஓட்டத்தில் எல்லாமே 0.03, 0.05 என்று வந்தது. ஏழு வாரத் திண்ணை வீண் என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் பார்த்தால், முடிவுக் கோப்பில் வரிசை எண், மதிப்பெண் என்று இரண்டு நெடுவரிசை உண்டு. நான் இரண்டிலும் 1, 2, 3 என்று இடத்தையே போட்டிருந்தேன். அந்த நிரல் வரிசை எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை. மதிப்பெண் பெரியதை மேலே வைத்துத் தானே அடுக்கிக்கொள்ளும். என் கடைசி முடிவு முதலிடத்துக்குப் போயிருந்தது. தீர்ப்புக் கோப்பிலோ இன்னொரு வேடிக்கை: இரண்டாவது நெடுவரிசையில் எப்போதும் 0. எதற்கும் பயன்படாது, ஆனால் இல்லாவிட்டால் நிரல் ஓடாது.

நான் பார்த்தது முதல் பத்து முடிவுகளுக்கான என்டிசிஜி. நல்ல கட்டிங் மேலே வந்தால் அதிகம், கீழே போகப் போகக் குறைவு, மொத்தம் 0 முதல் 1 வரை. முழுச் சொல் 0.41. ஸ்டெம்மர் 0.49. வெட்டுவது 0.52. நறுக்குவது 0.51. இலக்கணம் தெரிந்த ஸ்டெம்மரை, ஒன்றும் தெரியாத கத்தி முந்திவிட்டது என்று குதித்தேன். அப்புறம் கேள்விகளின் மதிப்பெண்களைக் கண்டபடி கலைத்துப் போட்டுப் பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்த்தேன். 0.03 வித்தியாசம் தற்செயலாகவே மூன்றில் ஒரு முறை வரும். இத்தனை குறைந்த கேள்விகளை வைத்து அந்த மூன்றில் எது நல்லது என்று சொல்ல முடியாது. மூன்றுமே முழுச் சொல்லைவிட நல்லவை, அவ்வளவுதான் சொல்லலாம். ஃபயரின் மூன்று மொழிகளிலும் வெட்டுவதும் நறுக்குவதும் இப்படித்தான் ஸ்டெம்மருக்கு ஈடுகொடுத்திருக்கின்றன. தமிழில் மட்டும் வேறாக இருக்கும் என்று நான் ஏன் நினைத்தேன் தெரியவில்லை.

ஸ்டெம்மரையும் நறுக்குவதையும் சேர்த்தேன். அதற்கு 2009 சிகிர் மாநாட்டில் வந்த இரண்டே பக்கக் கட்டுரை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையிலும் ஒரு ஆவணம் எத்தனையாவது இடமோ அதோடு 60ஐக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்து, வருவதையெல்லாம் கூட்டு. முடிந்தது. நிரலில் நாலு வரி. 0.56.

தெம்பில், பொருளைப் புரிந்துகொள்ளும் என்று எல்லாரும் சொல்லும் பன்மொழித் திசையன் மாதிரி ஒன்றையும் இறக்கினேன். கேள்வியையும் கட்டிங்கையும் எண் வரிசைகளாக மாற்றி, எது எதற்கு நெருக்கம் என்று பார்ப்பது அது. என் எட்டு ஜிபி மடிக்கணினியில் 1,386 கட்டிங்கையும் எண்ணாக்க மூன்று மணி நேரம், விசிறி போட்ட சத்தத்தில் பூனை வெளியேறியது. 0.43. நோட்டில் "வேஸ்ட்" என்று எழுதி அடிக்கோடிட்டேன். இவ்வகை மாதிரிகளைச் சோதிக்கும் மிராக்கிள் தொகுப்பில் 18 மொழி, அதில் இந்தி, வங்காளம், தெலுங்கு உண்டு, தமிழ் இல்லை. அதனால்தான் நம்மிடம் எடுபடவில்லை என்று ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்தேன்.

அந்தக் காரணத்தோடு நாலு பக்கம் எழுதி ஒரு பயிலரங்குக்கு அனுப்பினேன். எட்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் தொகுப்பு சிறியது என்றார், அது தெரிந்ததுதான். இன்னொருவர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: திசையன் முறையின் முதல் பத்து முடிவுகளில் எத்தனை மதிப்பிடப்பட்டவை?

எண்ணிப் பார்த்தேன். பொருத்தமான கட்டிங்கே இல்லாத மூன்று கேள்விகளை எடுத்துவிட்டபின் மிஞ்சிய 40க்குப் பத்துப் பத்தாக 400 முடிவு. அதில் 152ஐ அப்பாவோ சாரோ கண்ணால் பார்த்ததே இல்லை. குவியல் போட்டபோது இந்த முறை இல்லையே, அதனால் இது மட்டும் தனியாகக் கண்டுபிடித்த எதுவும் குவியலில் இல்லை. பார்க்காததை டிரெக்-எவால் பொருத்தமில்லை என்றே கணக்கு வைக்கும். பரீட்சை எழுதியவனின் மூன்றில் ஒரு பங்குத் தாளைத் திருத்தாமலே முட்டை போட்டிருக்கிறேன்.

152ஐயும் உறையில் போட்டு அப்பா முன்னால் வைத்தேன். ஐந்து மணி நேரம். 41 பொருத்தம் என்றார். "இலை ஓரம் காஞ்சு சுருளுது" என்ற கேள்விக்கு அது கொண்டுவந்த பாக்டீரியா இலைக்கருகல் கட்டிங்கில் கேள்வியின் ஒரு சொல்கூட அதே வடிவில் இல்லை. ஐந்து முறையும் தவறவிட்டது அதை. 0.43 என்பது 0.54 ஆனது. சரியான விடைகளின் எண்ணிக்கை கூடியதால் மற்றவற்றின் மதிப்பு கொஞ்சம் இறங்கியது, 0.56 இருந்த கூட்டு முறை 0.54. ஆக அந்த "வேஸ்ட்" சமமாக வந்து நின்றது. நோட்டில் அடிக்கோட்டை அழிக்க முடியாது, பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையும் பழசுதான். வூர்ஹீஸ் பேசிய அதே மெல்போர்ன் மாநாட்டில் ஜஸ்டின் ஸோபெல் செய்து காட்டியிருக்கிறார்: ஒரு முறை மட்டும் தனியாகக் கொண்டுவந்த ஆவணங்களைத் தீர்ப்பிலிருந்து எடுத்துவிட்டு, அந்த முறைக்கே மறுபடி மதிப்பெண் போடு, எவ்வளவு விழுகிறது என்று பார். நறுக்கும் முறைக்குச் செய்தேன், 0.03 விழுந்தது. வூர்ஹீஸ் கட்டுரையைப் படித்த அன்றைக்கே இதையும் படித்திருந்தால் எட்டு வாரம் மிச்சம்.

கடைசிப் படி, பெயர் மாற்றுப் பட்டியல். புகையான் என்றால் தத்துப்பூச்சி, தஞ்சாவூர் வாடல் என்றால் அடித்தண்டு அழுகல், சொறி என்றால் சிலந்தி. சார் சொல்லச் சொல்ல 64 வரி எழுதினேன். இங்கே ஒரு குற்றவுணர்வு இருக்கிறது: சார் இந்த 43 கேள்விகளையும் ஏழு வாரம் பார்த்தவர், பட்டியல் எழுதும்போது அவை அவர் நினைவில் இல்லாமல் இருக்குமா? ஸ்டெம்மர், நறுக்குவது, திசையன் என்ற மூன்று முறைகளின் கூட்டோடு இந்தப் பட்டியலையும் சேர்த்து வந்ததுதான் அந்த 0.61. அதில் எவ்வளவு சாரின் ஞாபகம் என்று பிரிக்க வழியில்லை.

செலவு: ஸ்கேனர் 2,800, உறை 1,240, பென்டிரைவ் 450, அச்சு 320, டீயும் முறுக்கும் 1,100. மொத்தம் 5,910 ரூபாய். சார் பணம் வாங்கவில்லை, இரண்டு குலை தேங்காய் வாங்கிக்கொண்டார்.

மறுபடி செய்தால் கேள்விகளை முதலில் சேகரிப்பேன், ஸ்கேனருக்கும் முன்னால். திசையன் முறையைக் குவியலிலேயே சேர்ப்பேன். பெயர்ப் பட்டியலைக் கேள்வியே பார்க்காத வேறொருவரிடம் எழுதி வாங்குவேன். எழுத்துணரிப் பிழையைத் திருத்துவதில் அவ்வளவு நேரம் போட மாட்டேன். "புமு"வை நறுக்கும் முறை பாதிக்குப் பாதி சமாளித்துக்கொள்கிறது.

இனி அந்த மீதி. 43 கேள்வியில் மூன்றை எடுத்துவிட்டேன் என்றேன் இல்லையா? பொருத்தமான கட்டிங் ஒன்றுகூட இல்லாத கேள்விக்கு மதிப்பெண் போட முடியாது, டிரெக்கிலும் அப்படிப்பட்ட கேள்வியை விலக்கிவிடுவார்கள். அந்த மூன்றில் ஒன்று சுருள் வெள்ளை ஈ. உரக்கடை வாசலில் 17 பேரில் ஆறு பேர் கேட்டது அதைத்தான். வேறெந்தக் கேள்வியையும் இத்தனை பேர் கேட்கவில்லை. இந்தியாவில் அது முதலில் பதிவானதே எங்கள் பொள்ளாச்சியில், 2016இல். அப்பா கண்ணில் புரை வந்து கத்தரிக்கோலை வைத்தது 2011இல். பெட்டியில் அது இருக்க வழியே இல்லை. 0.61இல் அந்த ஆறு பேர் கணக்கில் இல்லை. சார் தன் வீட்டில் 2016க்குப் பிந்திய துண்டுப் பிரசுரங்கள் ஒரு பை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.